கசக்காத உப்பு

மூன்று சொட்டு விட்டாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. தையல்நாயகி சோதனைக்குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கி, பார்த்தாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. நான்காவது சொட்டையும் விட்டாள். பேரியம் குளோரைடு பொல்லாத சாமான், சல்பேட் என்கிற உப்பைக் கண்டால் விடாது, பிடித்து வெள்ளையாக்கி அடியில் உட்கார வைத்துவிடும். கடல் தண்ணீராக இருந்தால் ஒரு சொட்டே போதும், அரிசி களைந்த தண்ணீராகிவிடும். இது கலங்கவில்லை. கலங்கு சனியனே, என்று மனசுக்குள் சொன்னாள், கலங்கித் தொலையேன், நான் வீட்டுக்குப் போகணும். மணி இரண்டே முக்கால்தான். ஆனால் இப்போதெல்லாம் காலையில் கம்பெனி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவளுக்கு வீட்டுக்குப் போகணும் என்றுதான் இருக்கிறது. ஐம்பத்துமூன்று வயதில் முழங்காலுக்கு வந்த வலி முழங்காலோடு நின்றிருந்தால் தேவலை. அது மெல்ல மேலே ஏறி நெஞ்சுப் பக்கம் எங்கேயோ ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எதைப் பார்த்தாலும் போதும், போதும் என்கிறது. இருபத்தெட்டு வருஷம் இதே ஸ்டூல். எண்ணெய்க் கம்பெனியில் எண்ணெயைப் பார்க்கிறவர்களுக்குத்தான் மரியாதை, தண்ணீரைப் பார்க்கிறவளுக்கு ஒரு ஸ்டூலும் ஒரு ஓட்டை ஃபேனும். ஆனால் எண்ணெய் தனியாக இருக்கிறது என்று யார் சொன்னது? இரண்டு மைல் ஆழத்தில் பாறையின் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளில் எண்ணெய் மேலே மிதக்கிறதென்றால் அடியில் தண்ணீர் இருக்கிறது என்றுதான் அர்த்தம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் அதுவும் கடலாக இருந்து, மண் மூடி, கல்லாகி, வெளிச்சம் பார்க்காமல் சுட்டுக்கொண்டே கிடக்கிற கடல். அங்கே இருக்கிற கிருமிகள் அந்தத் தண்ணீரிலிருந்த சல்பேட்டைத் தின்றே தீர்த்துவிட்டன. அதனால் ஆழத்துத் தண்ணீரில் உப்பு இருக்கும், கடலைவிடவும் கூட இருக்கும், சல்பேட் மட்டும் இருக்காது. இதை அவள் புதிதாக வந்த எத்தனை இன்ஜினீயர்களுக்குச் சொல்லியிருப்பாள், எல்லோரும் தலையாட்டிவிட்டு கேன்டீனுக்குப் போனார்கள். குழாய் கலங்கவில்லை. அதுதான் இப்போது விஷயம். இது பனையந்திடல் தண்ணீர், ஒரு விவசாயியின் போர்வெல் தண்ணீர், இது கலங்கியே ஆகவேண்டிய தண்ணீர், ஏனென்றால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே மேஜையில் இதே தண்ணீர் கலங்கியது, கலங்கியதென்று அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

இண்டர்காம் அடித்தது. கேட்டிலிருந்து செக்யூரிட்டி. "மேடம், அந்தப் பனையந்திடலுக்காரரு சைக்கிள் ஷெட்டுலயே ஒக்காந்துருக்காரு. டீ சொல்லட்டான்னா வேணாங்குறாரு. எப்ப ஆவும்னு கேக்குறாரு." "நாலு மணிக்கு மேல ஆவும்னு சொல்லுங்க." வைத்துவிட்டாள். நாலு மணிக்கு மேல் எதற்கு, இதோ ஆயிற்றே, ஆகவில்லை என்பதும் ஒரு ரிசல்ட்தானே. அந்த மனுஷன் காலையில் வந்து நின்றபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. தோளில் துண்டு, கையில் ஐந்து லிட்டர் கேன், சட்டைப்பையில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் மனுவின் நகல், அதன் மேல் சிவப்பு சீல். "என்னைய ஞாபகம் இருக்காம்மா? பக்கிரிசாமி. பதினோரு வருஷத்துக்கு முன்ன நீங்கதான் எங்க போரு தண்ணியப் பாத்து கடல் தண்ணின்னு எழுதிக் குடுத்தீங்க." அவளுக்கு ஞாபகம் வந்தது, வந்ததை முகத்தில் காட்டவில்லை, ஆபீஸ் முகம் என்று ஒன்று இருக்கிறதே, அது இதற்குத்தானே. "அது சரியாத்தான இருக்கும். இப்ப என்ன?" என்றாள். "சரியாத்தாம்மா இருக்கும், நீங்க படிச்சவங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன். ரெண்டு வருஷமா நல்ல மழ. ஆத்துலயும் தண்ணி வந்துச்சு. எனக்குக் கெழக்கால, கடலுக்குக் கிட்டக்க இருக்குறவனுவ போரெல்லாம் நல்லாயிருச்சு, கத்திரி போட்டிருக்கானுவ. கடல் தண்ணின்னா மொத அவனுக்குல்ல கரிக்கணும்? நடுவுல எனக்கு மட்டும் ஏம்மா கரிக்குது?" கேள்வியில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பாள், கோபக்காரர்களுக்கென்று சில வாக்கியங்கள் கைவசம் உண்டு. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பார்த்துச் சொல்றேன், நீங்க போங்க, தகவல் வரும் என்றாள். இருந்தே தெரிஞ்சுகிட்டுப் போறேனே என்று ஷெட்டில் போய் உட்கார்ந்தவர்தான். காலையிலிருந்து அந்த மனுஷன் சாப்பிட்டாரோ என்னவோ. அவள் தயிர்சாதம் சாப்பிட்டாள், மாவடு கூட இருந்தது.

மருந்து கெட்டிருக்கலாம். அதுதான், அதுவாகத்தான் இருக்கும். பேரியம் குளோரைடு பாட்டிலில் தேதி பார்த்தாள், போன மாசம்தான் கரைத்தது, அவள் கையெழுத்தே இருந்தது. தேதி இருந்தால் ஆயிற்றா. ஒப்பிட்டுப் பார்க்கவென்று அலமாரிக்கு அடியில் ஒரு கேனில் கடல் தண்ணீர் இருந்தது. குனிந்து எடுப்பதற்குள் முழங்கால் உயிர் போயிற்று. புதுக் குழாயில் கொஞ்சம் ஊற்றி ஒரு சொட்டு விட்டாள். ஒரே சொட்டு. சட்டென்று வெள்ளை இறங்கியது, அவ்வளவு சுத்தமான வெள்ளை. மருந்து நன்றாகத்தான் இருக்கிறது. சனியன், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பனையந்திடல் தண்ணீரை இன்னொரு குழாயில் எடுத்து மறுபடி விட்டாள், கலங்கவில்லை. இதோ பார் நாயகி, என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள், அந்த ஊர் சேற்று நிலம், சேற்றிலும் அதே மாதிரிக் கிருமி உண்டு, மேல்மட்டத்துத் தண்ணீரிலேயே சல்பேட்டைத் தின்றிருக்கலாம், கடல் தண்ணீர்தான் வந்தது, வந்த பிறகு தின்றுவிட்டது, யார் கண்டது. யார் கண்டது என்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இதைத் தீர்க்க ஒரு வழி உண்டென்று அவள் கைக்குத் தெரியும், மனசு வேண்டாம் வேண்டாம் என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே கை மூன்றாவது குழாயை எடுத்துவிட்டது. இதே சோதனையைத் தலைகீழாகப் போடுவது. சல்பேட் இல்லாத ஆழத்துத் தண்ணீரில் பாறையிலிருந்து பேரியம் கரைந்து நிற்கும், பகைவன் இல்லாத ஊரில் காலாட்டிக்கொண்டு நிற்கும். மேல்மட்டத்துச் சேற்றுத் தண்ணீரில் அந்த அளவுக்கு நிற்காது. இப்போது பேரியத்துக்குப் பதில் சல்பேட்டை விட்டுப் பார்த்தால் போதும். பனையந்திடல் தண்ணீரை அதில் ஊற்றி, நீர்த்த கந்தக அமிலம் இரண்டு சொட்டு விட்டாள். விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், டேங்கர் லாரி ஒன்று பின்னால் போவதற்குக் கீக்கீ என்று கத்திக்கொண்டிருந்தது, டிரைவர் தலையை வெளியே நீட்டி யாரையோ திட்டினான். பிறகு குழாயைப் பார்த்தாள். வெள்ளை விழுந்திருந்தது.

இப்போது விழுகிறாயா. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பனையந்திடலுக்கு மேற்கே முக்கால் மைலில் கம்பெனியின் பழைய கிணறு ஒன்று இருக்கிறது. எண்ணெய் வற்றி, சிமெண்டு போட்டு மூடி, சுற்றிலும் வேலிக்காத்தான் மண்டி, இப்போது ஆடுமாடு மேய்கிற இடம். அந்தக் கிணற்றில் இறக்கிய இரும்புக் குழாய் அரித்துப்போயிருக்கிறது, போட்ட சிமெண்டு எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது, அடியிலிருக்கிற தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி, ஒரு மனுஷனின் போர்வெல்லுக்கு வந்திருக்கிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள், இங்கே கிணற்றை மூடிய பிறகு பூதம் புறப்பட்டிருக்கிறது. சரி, இது இன்றைக்கு. இன்றைக்குத் தெரிந்துவிட்டது, எழுதிவிடலாம், எழுதினால் கம்பெனி அந்தக் கிணற்றைத் திறந்து மறுபடி சிமெண்டு போட வேண்டும், நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும், அதெல்லாம் மேலே இருப்பவர்கள் பாடு. ஆனால் அன்றைக்கு? அன்றைக்கு ஏன் கலங்கியது? பொய் சொல்லவில்லையே, கலங்கியதை இந்தக் கண்ணால்தானே பார்த்தாள். அப்போது கடல் தண்ணீராக இருந்து நடுவில் மாறியிருக்குமா? மாறலாம். மாறியிருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டால் யாருக்கும் கஷ்டமில்லை, அன்றைக்கும் அவள் சரி, இன்றைக்கும் அவள் சரி. இந்த நினைப்பு சொகுசாக இருந்தது, அதில் கொஞ்ச நேரம் சாய்ந்துகொண்டாள். அப்புறம் அதற்குள்ளே ஒரு முள் குத்தியது. மஞ்சள்.

அன்றைக்கு விழுந்த வெள்ளை சுத்த வெள்ளை இல்லை. ஓரத்தில் லேசாக மஞ்சள் ஓடியது, பசும்பால் ஆடை மாதிரி. பார்த்தாள், பார்க்காமலில்லை. துரு, போர்வெல் குழாயில் இரும்புத் துரு என்று நினைத்துக்கொண்டாள், நினைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். அன்றைக்கு மேஜையில் பதினாறு சாம்பிள் நின்றது, எல்லாம் உற்பத்திக் கிணறுகளின் தண்ணீர், எல்லாவற்றுக்கும் சாயங்காலத்துக்குள் ரிசல்ட் வேண்டும், நடுவில் இந்த விவசாயி கேன். அப்போது மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன், எல்லாம் சேர்ந்த வருஷம். பக்கிரிசாமி அப்போது ஆய்வகத்துக்குள்ளேயே வந்து நின்றார், கறுத்த முடி, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், அவள் குழாயைக் காட்டி, பாருங்க, வெள்ளையா இருக்குல்ல, கடல் தண்ணி என்றாள். அவர் குழாயைப் பார்க்கவில்லை. "கடல் தண்ணி கசக்கும்மா. உப்புக் கரிச்சு, பொறவு நாக்கடியில கசக்கும். நாங்க கடலோரத்துக்காரங்க, எங்களுக்குத் தெரியாதா? இது கசக்கலயே" என்றார். அவள் என்ன சொன்னாள்? இப்போது நினைக்கவே உடம்பு கூசுகிறது. "நாக்கு பொய் சொல்லும், கெமிஸ்ட்ரி பொய் சொல்லாது" என்றாள். பக்கத்திலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். கடல் கசப்பது மக்னீசியத்தால் என்று அவளுக்குத் தெரியும், ஆழத்துத் தண்ணீரில் மக்னீசியம் குறைவு என்றும் தெரியும். அவர் நாக்கு அன்றைக்கு அவளுக்கு ஒரு ரிசல்ட்டையே எடுத்து நீட்டியது, ஒரு பைசா மருந்து செலவில்லாமல். இந்தத் தொழிலில் பழைய ஆட்கள் எல்லாருமே நுனிநாக்கால் தொட்டுப் பார்த்தவர்கள்தான். பூமியியல்காரர்கள் கல்லையே நக்கிப் பார்ப்பார்கள். அவளும் முதல் ஐந்து வருஷம் பார்த்தவள்தான், யாரும் பார்க்காதபோது. அன்றைக்கு மட்டும் படித்தவளாகிவிட்டாள். கேன் மூடியில் ஒட்டியிருந்த துளியை இப்போது விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. காத்திருந்தாள். கசக்கவில்லை.

மஞ்சள். மஞ்சள் எங்கிருந்து வந்தது. பின்னால் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம், அந்தோணிராஜ் பிப்பெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக இங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர், இவளுக்கும் முந்தி வந்தவர். இப்போது சோப்பு திரவம், பச்சை நிறம், எலுமிச்சை வாசனை. முன்னே அப்படியில்லை. முன்னே... அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கேட்டாள், யாராவது இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்று. "அந்தோணி, முன்னாடி நாம குழாயெல்லாம் எதுல ஊறப்போடுவோம்?" "என்ன மேடம் இப்ப போயி? ஆரஞ்சு ஆசிட்டுலதான். என் கையப் பாருங்க, இன்னும் தழும்பு போவல. நீங்கதான எழுதிப்போட்டு அத நிறுத்துனீங்க." ஆமாம், டைக்ரோமேட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்தது. ஆரஞ்சு நிறம். கந்தக அமிலத்துக்குள் இருப்பதே சல்பேட்தான். குழாய்ச் சுவரில் அதில் ரெண்டு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், டிஸ்டில்ட் வாட்டர்கூடக் கடலாகிவிடும், மஞ்சள் விளிம்போடு. "எத்தன தடவ அலசுவீங்க?" "பத்து தடவ." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி இருந்தா பத்து." "இல்லன்னா?" "நம்ம மோட்டாரு எரிஞ்சு நாலு மாசம் கெடந்துச்சே, அந்த வருஷமா? ட்ரம்முலேருந்து மொண்டு ரெண்டு அலசு. அவ்வளவுதான் கெடச்சுது. நீங்கதான் பிளாங்க் போட்டுக்குவீங்களே மேடம், அந்தத் தைரியந்தான்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பவும் பிப்பெட்டைக் கழுவப் போய்விட்டார். தான் சொன்னது யாரை எங்கே குத்தியது என்று அவருக்குத் தெரியாது.

பிளாங்க். எந்தச் சோதனைக்கும் கூடவே ஒரு குழாயில் வெறும் டிஸ்டில்ட் வாட்டரை வைத்து அதே சொட்டுகளை விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி சுத்தமாக இருந்தால் அது கலங்காது. கலங்கினால் சாம்பிள் மேல் பழி போடாதே, உன் குழாயைப் பார் என்று அர்த்தம். முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். அவள் எழுந்து பழைய ரெஜிஸ்டர்கள் இருக்கிற அலமாரியைத் திறந்தாள், பூச்சிமருந்து வாசனை மூக்கில் ஏறித் தும்மினாள். பதினோரு வருஷத்துக்கு முந்தைய ரெஜிஸ்டர், அந்தப் பக்கம். பதினேழு வரி, கடைசி வரி பனையந்திடல். பிளாங்க் என்ற கட்டத்தில் பதினேழுக்கும் பச்சை மையில் டிக். பதினேழு டிக்கும் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், மேலிருந்து கீழே ஒரு ஓட்டத்தில் போட்டது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, பையை மாட்டிக்கொண்டு, நின்ற வாக்கில் போட்டது. எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். காலையில் ஒரு பிளாங்க் போட்டால் அன்றைய நாளுக்கெல்லாம் ஆயிற்று என்று இங்கே ஒரு வழக்கம், அந்தக் காலைப் பிளாங்கையும் வேலை அதிகமாக இருந்தால் நாளைக்கு என்று தள்ளுகிற இன்னொரு வழக்கம். அன்றைக்குப் போட்டாளா? போட்டிருப்பாள். போட்டிருந்தால் கலங்கியிருக்கும், கலங்கியிருந்தால் தெரிந்திருக்கும். ஆக, போடவில்லை. கெமிஸ்ட்ரி பொய் சொல்லாதாம். அது எங்கே சொன்னது, கையெழுத்துப் போட்ட கைதான் சொன்னது. அந்தோணி ஒழுங்காக அலசவில்லை என்று எழுதிவிடலாமா? ஓய்வுபெற ஆறு மாசமிருக்கிற மனுஷன், அவர் தலையில் வைத்தால் கேட்க ஆளில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகும். அந்த யோசனை வந்ததற்கே வெட்கமாக இருந்தது, இருந்தும் அது போகாமல் வாசலில் நாய் மாதிரிக் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டுத்தான் போயிற்று. ரெஜிஸ்டரோடு ரிப்போர்ட்டின் நகலும் குத்தப்பட்டிருந்தது. படித்தாள். 'கடல் நீர் ஊடுருவல்.' அதற்குக் கீழே குறிப்பு என்ற கட்டத்தில் இன்னொரு வரி, அவள் மறந்தே போன வரி: 'அருகிலுள்ள இறால் குட்டைகள் காரணமாக இருக்கலாம்.' இதை ஏன் எழுதினாள்? யாரும் கேட்கவில்லையே. கட்டம் காலியாக இருந்தால் மேலதிகாரி திருப்பி அனுப்புவார் என்று எழுதினாள். கட்டம் நிரம்பினால் சரி. பனையந்திடலை அவள் பார்த்ததுகூடக் கிடையாது, அங்கே கடல் தண்ணீரைத் தேக்குகிற இறால் குட்டை இருப்பதை யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள், அவ்வளவுதான். இருக்கலாம் என்று போட்டுவிட்டால் பொய்யுமில்லை, மெய்யுமில்லை, ஆபீஸில் அதற்கு நல்ல மதிப்பு.

இண்டர்காம். இந்தத் தடவை மேலாளர் கோதண்டம். "நாயகி மேடம், அந்தப் பனையந்திடல் மனுவுக்கு மெனக்கெடாதீங்க. பழைய ரிப்போர்ட்ட எடுத்து தேதிய மட்டும் மாத்தி அனுப்பிச்சிருங்க. நாளைக்கு கலெக்டர் மீட்டிங்ல வெக்கணும்." "டெஸ்ட் போட்டிருக்கேன் சார்." "போடுங்க போடுங்க, யாரு வேணான்னா? ரெண்டும் ஒண்ணாத்தான வரப்போவுது." சிரித்தார். நல்ல மனுஷர்தான், தீபாவளிக்கு எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பவர். அவருக்கும் பனையந்திடல் எந்தத் திசை என்று தெரியாது. ஒண்ணா வரல சார் என்று சொல்ல வாயைத் திறந்தாள், அதற்குள் வைத்துவிட்டார். நல்லதாகப் போயிற்று என்று இருந்தது, அப்படி இருந்ததும் பிடிக்கவில்லை. தேதியை மாற்றினால் ஐந்து நிமிஷ வேலை. பக்கிரிசாமி நம்பிவிடுவார், அதுதான் பயமாக இருந்தது, அவர் நிச்சயம் நம்பிவிடுவார், சரிங்கம்மா என்று கேனை எடுத்துக்கொண்டு போய்விடுவார், அந்தத் தண்ணீரையே மாட்டுக்குக் காட்டுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள், அவர்களெல்லாம் கெட்டிக்காரர்கள், அவர்களுக்குத் தூக்கம் வரும். அவளுக்கு இப்போதே வருவதில்லை. இனி புதிதாக ஒன்றைச் சுமக்க உடம்பில் இடமில்லை என்றுதான் தோன்றியது. நேர்மை கீர்மை என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம், களைப்பு. பொய்யைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் தெம்பு வேண்டியிருக்கிறதே. எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி போட்டாள், இந்தத் தடவை முதலில் பிளாங்க், அது கலங்கவில்லை என்பதைப் பார்த்து, பார்த்த கையோடு அந்த ஒரு கட்டத்தில் மட்டும் டிக் போட்டாள். பிறகு ரிப்போர்ட்டை எழுதினாள். எண்ணெய்ப் பாறை நீர், மேற்கிலுள்ள மூடிய கிணற்றிலிருந்து ஏறுவது, குடிக்கவோ பாய்ச்சவோ தகாது, முந்தைய அறிக்கை தவறு, தவறு என்னுடையது, பிளாங்க் போடப்படவில்லை. தபால் பிரிவில் எண் போட வைத்து, ஒரு நகலைக் கலெக்டர் ஆபீஸ் உறையில் போட்டாள், எண் விழுந்த தாளை யாராலும் திரும்ப வாங்க முடியாது. கோதண்டத்தின் மேஜையில் இன்னொரு நகலை வைத்தபோது அவர் ஃபோனில் பேசிக்கொண்டே அதைப் பார்க்காமல் நன்றி என்று கையைக் காட்டினார்.

கேட்டுக்குப் போகிற இருநூறு அடியில் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பக்கிரிசாமி அவளைக் கண்டதும் எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "ஒக்காருங்க" என்று அவளும் அந்தச் சிமெண்டுத் திண்டிலேயே உட்கார்ந்தாள், நின்றுகொண்டு சொல்ல முடியாது. "அது கடல் தண்ணி இல்லங்க. மேக்கால மூடிக் கெடக்குதே எங்க கெணறு, அதுக்கு அடியிலேருந்து ஏறி வருது. எண்ணெய் இருக்குற பாறையில கெடக்குற தண்ணி. குடிக்காதீங்க. மாட்டுக்கும் காட்டாதீங்க. எழுதி அனுப்பிட்டேன்." அவர் கேனைத் தள்ளி வைத்தார். "அப்ப மொதல்ல கடல் தண்ணியா இருந்து, பொறவு இப்புடி மாறிருச்சாம்மா?" என்றார். அவள் சாய்ந்துகொண்டிருந்த அதே சொகுசை அவரே கொண்டுவந்து விரித்தார், மரியாதைக்காக, படித்தவள் தப்புச் செய்திருக்க மாட்டாள் என்பதற்காக. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "இல்லங்க" என்றாள் நாயகி. "அப்பவும் இதேதான். நாந்தான் தப்பாப் பாத்தேன். குழாய் சுத்தமான்னு பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க கசக்கலன்னு சொன்னீங்க, நீங்க சொன்னதுதான் சரி."

"அப்ப எறா குட்டை?" என்றார் பக்கிரிசாமி. "குட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க." அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அந்தக் குட்டை எங்க அண்ணனோடதும்மா. வீரையன்னு பேரு. நீங்க எழுதுன தாள பஞ்சாயத்துல வெச்சேன். இன்னார் குட்டையாலதான் எங்க தண்ணி போச்சுன்னு. கவுருமெண்டுத் தாளு மாதிரி இருந்துச்சா, எல்லாரும் நம்புனாங்க, குட்டைய மூட வெச்சாங்க. அண்ணன் சத்தியம் பண்ணுனாரு, என் தண்ணி ஒம் பக்கம் வரலடான்னு. நாந்தான் கேக்கல. பதினோரு வருஷம் பேச்சில்ல. போன தையில தவறிட்டாரு. போவல நான். தெரு முனையில நின்னு பாடைய பாத்துட்டுத் திரும்பிட்டேன்." குரல் ஏறவில்லை, இறங்கவில்லை, யாரோ ஒருவர் கதையைச் சொல்வதுபோல இருந்தது.  ஒரு கட்டத்தை நிரப்ப எழுதிய வரி. மன்னிச்சிருங்க என்றாள், அந்தச் சொல் அவளுக்கே கேட்கவில்லை, மறுபடி சத்தமாகச் சொன்னாள்.  "அத ஒரு தாள்ல எழுதிக் குடுங்கம்மா" என்றார், "குட்டையால இல்லன்னு. அண்ணன் பேரப் போட்டு." கைப்பையிலிருந்த தாளில் எழுதினாள். பனையந்திடல் வீரையன் அவர்களின் இறால் குட்டையால் தண்ணீர் கெடவில்லை, முன்பு எழுதியது என் தவறு, பெயர், கையெழுத்து, தேதி. எந்த ஆய்வகமும் தராத ரிப்போர்ட். அவர் வாங்கி நான்காக மடித்து வைத்துக்கொண்டு, போகாமல் நின்றார். "அண்ணிக்குப் படிக்கத் தெரியாதும்மா. புள்ளைங்க திருப்பூருல இருக்கு. நான் போயி நின்னா கதவச் சாத்திக்குவாங்க."  நாயகி மணியைப் பார்த்தாள். நாலே முக்கால். அவள் வீட்டுக்குப் போகிற கம்பெனி பஸ் ஐந்தேகாலுக்கு, உட்கார இடம் இருக்கும், ஏழு மணிக்குக் காலை நீட்டிப் படுத்துவிடலாம். "பனையந்திடலுக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டாள்.

டவுன் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது, பள்ளிக்கூடம் விட்ட நேரம். ஓர் இடம்தான் இருந்தது, பக்கிரிசாமி ஓடிப்போய்த் துண்டைப் போட்டு அதைப் பிடித்தார், பிடித்து அவளை உட்காரச் சொன்னார், வேண்டாம் என்றபோது கேட்கவில்லை, காலை இழுத்து இழுத்து நடக்கிறீங்களே என்றார். அவள் உட்கார்ந்தாள். என்ன சொல்வது, வாசலில் நின்று முதலில் எதைச் சொல்வது, நான்தான் அந்தத் தாளை எழுதினவ என்பதையா, ஒங்க வீட்டுக்காரர் தப்புப் பண்ணல என்பதையா, அதை அவர் உயிரோடிருக்கும்போது சொல்லியிருக்க வேண்டுமே, இப்போது சொல்லி என்ன, இப்போதாவது சொல்லாவிட்டால் என்ன, என்று அதே இடத்தில் மனசு சுற்றிச் சுற்றி வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த பக்கிரிசாமி இரண்டு நிறுத்தம் தாண்டிக் குனிந்தார். "அண்ணிக்குக் கொஞ்சம் வாய் நீளம். ஏதாச்சும் ஏசுனாங்கன்னா மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றார். நாயகி சரி என்று தலையை ஆட்டினாள்.